உருவம் தொலைத்த தனுகி

வெகு காலத்துக்கு முன்னால், மலைகளுக்குக் கோபமும் ஆறுகளுக்குச் சிரிப்பும் வந்துகொண்டிருந்த நாட்களில், ஜப்பான் தேசத்தில் ஹிசானோ என்று ஒரு சின்ன ராஜ்யம் இருந்தது. ராஜ்யத்தின் நடுவே ஓர் ஆறு ஓடியது. ஆற்றின் இந்தக் கரையில் ஊர். அந்தக் கரையில் காடு. ஊரில் மனிதர்கள் இருந்தார்கள். காட்டில் மற்ற எல்லோரும் இருந்தார்கள்.

மற்ற எல்லோரும் என்றால் யார் யார்? ஆள் போல வேஷம் போடும் நரிகள் இருந்தன. தலை உச்சியில் கிண்ணம் போல ஒரு குழியும், குழி நிறையத் தண்ணீருமாக ஆற்றில் நீந்தித் திரியும் கப்பாக்கள் இருந்தன. தெங்கு ஒருவனும் இருந்தான். தெங்கு என்றதும் நம் ஊர்த் தென்னை மரத்தை நினைத்துவிடாதீர்கள். அந்த நாட்டில் தெங்கு என்றால் மலை உச்சியில் வாழும் மந்திரக்காரன். சிவந்த முகம், முழ நீளத்துக்கு மூக்கு, முதுகில் காக்கைச் சிறகு, கையில் இறகு விசிறி. அந்த விசிறியை ஒரு வீசு வீசினால் ஊரே ஆடிப்போகும். மந்திரத்தில் பெரிய ஆள்தான். ஆனால் தன் மூக்கைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை பேசிவிட்டால் அவனுக்குப் பொறுக்காது.

இந்தப் பக்கத்துக் கரையில், கடைத்தெரு முடிகிற இடத்தில், கினு என்கிற பெண் விளக்குக் கடை வைத்திருந்தாள். அவள் செய்தது சுழல் விளக்கு. காகிதத்தை உருளையாக வளைத்து, மேலே காற்றாடி போல ஒரு சக்கரம் பொருத்தி, உள்ளே தீபம் ஏற்றினால், தீபத்தின் சூட்டில் சக்கரம் மெல்லச் சுழலும். கூடவே உருளையும் சுழலும். உருளையில் எழுதிய படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்வலம் போகும்.

கினுவுக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்கும். தனியாக இருந்தாள். அதில் அவளுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. சூடாகச் சோறு இருந்தது, நல்ல தூரிகை இருந்தது, ஒழுகாத கூரை இருந்தது. ஒரே ஒரு குறைதான். அவள் எழுதிய கொக்கு விளக்கைச் சுற்றிச் சுற்றிப் போகும், ஆனால் பறக்காது. அவள் எழுதிய மீன் சுற்றிச் சுற்றிப் போகும், ஆனால் நீந்தாது. 'எல்லாம் போகிறது, எதுவும் வாழவில்லையே' என்று தனக்குள் சொல்லிக்கொள்வாள். பிறகு சாப்பிடப் போய்விடுவாள்.

இலையுதிர் காலம் பாதி தாண்டிய ஒரு மழை நாள். கடை வாசலில் டொக் டொக் என்று சத்தம் கேட்டது. கினு எட்டிப் பார்த்தாள். வாசலில் ஒரு குடை நின்றுகொண்டிருந்தது. பிடிக்க ஆள் இல்லை. தானாகவே நின்றது.

"கொஞ்சம் ஒதுங்கிக்கொள்ளலாமா?" என்று கேட்டது குடை.

குடை மழைக்கு ஒதுங்கி அவள் அதுவரை பார்த்ததில்லை. ஆனாலும் குளிரில் நடுங்குகிற ஒன்றை வெளியே நிறுத்த மனம் வரவில்லை.

"உள்ளே வா. வாசலிலேயே உதறிவிட்டு வா, காகிதமெல்லாம் நனைந்துவிடும்."

குடை தன்னை ஒரு உதறு உதறிக்கொண்டு உள்ளே வந்தது. இரண்டு எட்டு வைத்தது, ஒரு துள்ளல் துள்ளியது, நின்று திரும்பிப் பார்த்தது. பிறகு அடுப்போரம் போய் உட்கார்ந்துகொண்டது. கினு ஒரு சோற்று உருண்டையை நீட்டினாள். குடைக்கு எங்கே வாய் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் உருண்டை காணாமல் போனது.

"நான் குடை இல்லை அக்கா" என்றது குடை. "நான் ஒரு தனுகி. பெயர் மொசுகே."

தனுகி என்பது அந்தக் காட்டில் வாழும் பிராணி. நாய்க்கும் மரநாய்க்கும் நடுவில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். உருண்டை வயிறு, குட்டைக் கால். நினைத்த உருவத்துக்கு மாறத் தெரிந்த கூட்டம். அதில் மொசுகே கெட்டிக்காரன். கெட்டிக்காரத்தனம்தான் அவனை மாட்டிவிட்டது.

"மலையில் குரங்குகள் விருந்து வைத்தன" என்றான் மொசுகே. "எல்லோரும் சிரிக்கட்டுமே என்று தெங்கு மாதிரி உருவம் எடுத்தேன். மூக்கைக் கொஞ்சம் கூடுதலாக நீட்டினேன். அந்த மூக்கில் ஒரு சட்டியைக்கூட மாட்டிவிட்டேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தால் தெங்கு நிற்கிறான்."

"என்ன செய்தான்?"

"சபித்துவிட்டான். 'அடுத்தவன் உருவத்தில் அவ்வளவு ஆசையா உனக்கு? இனி உனக்கு அதுதான். உன் சொந்த உருவம் உனக்கு மறந்துபோகும். உன்னைக் கண்டவர்களுக்கும் மறந்துபோகும். ஒவ்வொரு காலையும் ஒவ்வொரு உருவத்தில் விழிப்பாய். முதல் வெண்பனி உன்மேல் விழும்போது எந்த உருவத்தில் இருக்கிறாயோ, காலத்துக்கும் அதுதான் நீ' என்றான். குரங்குகள் காலில் விழுந்து கெஞ்சின. 'உன் வீட்டார் உன்னை அடையாளம் கண்டு பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சாபம் விலகும். உருவம் தெரியாதவனை எப்படி அடையாளம் காண்பார்கள், பார்க்கலாம்' என்று சொல்லிவிட்டுப் பறந்துபோனான்."

"வீட்டுக்குப் போய்ப் பார்த்தாயா?"

"போகாமல் இருப்பேனா? முதல் நாள் மரச்செருப்பாகப் போனேன். அடுத்த நாள் சேவலாகப் போனேன். என் மனைவி கயா வளைக் கதவைச் சாத்திவிட்டாள். 'நான்தான் கயா' என்றேன். 'என் புருஷன் எப்படி இருப்பார், சொல்' என்றாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. யோசித்துப் பார்த்தால் அவளுக்கும் நினைவில்லை. கதவுக்குப் பின்னால் அழுதாள். எங்கள் கல்யாணப் பேச்சை, பிள்ளைகளின் செல்லப் பெயரை எல்லாம் சொன்னேன். 'நரிகளுக்கும் ஒட்டுக்கேட்கத் தெரியும்' என்றாள். அவள் மேல் தப்பில்லை அக்கா. மூன்று குட்டிகளை வைத்துக்கொண்டு தனியாக இருப்பவள், கண்டதற்கெல்லாம் கதவைத் திறக்க முடியுமா?"

"இங்கே எப்படி வந்தாய்?"

"இன்றைக்குக் குடையாக விழித்தேன். தலைகீழாக விரிந்து ஆற்றில் மிதந்தே வந்துவிட்டேன். நீ தத்ரூபமாகப் படம் எழுதுவாய் என்று ஆற்றில் ஒரு கப்பா சொன்னான். என் உருவத்தை எழுதித் தருவாயா? அதைக் கொண்டுபோய் அவளிடம் காட்டுகிறேன்."

கினு தூரிகையை எடுத்தாள். அவள் அப்படித்தான், அழுகிறவனுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது, வேலையைத் தொடங்கிவிடுவாள்.

முதலில் ஊர்க்கோயில் வாசலில் இருக்கும் கல் தனுகியைப் பார்த்து வரைந்தாள். மறுநாள் காலை மொசுகே மொட்டைத்தலைத் துறவியாக விழித்திருந்தான். கினு தூக்கக் கலக்கத்தில் அவனைக் கும்பிட்டுவிட்டு, பிறகுதான் சிரித்தாள். துறவி படத்தைப் பார்த்தார். "இது என் மைத்துனன் மாதிரி இருக்கிறது" என்றார். படம் அடுப்புக்குப் போனது.

அடுத்து ஆற்றங்கரைக்குப் போய்க் கப்பாவுக்கு வெள்ளரிக்காய் கொடுத்தாள். வெள்ளரிக்காய்க்காகக் கப்பா எதையும் செய்வான். தலைத் தண்ணீர் சிந்தாமல் நீந்திப் போய்க் கயாவைக் கேட்டு வந்தான். "எப்படி இருந்தாலும் எனக்கு அழகாகத்தான் இருந்தார் என்று சொல்கிறாள். அவ்வளவுதான் அவளுக்கு நினைவு வருகிறது" என்றான் கப்பா. கினு அழகான ஒரு தனுகியை வரைந்தாள். அன்றைக்கு மொசுகே துணி துவைக்கும் மரத்தொட்டி. தொட்டி படத்தை வெகுநேரம் பார்த்தது. "நான் இப்படி இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்" என்றது. அந்தப் படமும் அடுப்புக்குப் போனது.

மலை உச்சியில் வெள்ளை தெரியத் தொடங்கியது. பனி அங்கே வந்துவிட்டது. கீழே இறங்க எத்தனை நாளாகும் என்று யாருக்குத் தெரியும்?

அன்று மதியமே கினு சோர்ந்துபோய், பழைய காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். குடை வந்த நாளில் குடையைக் கிறுக்கியிருந்தாள். துறவி அறையைப் பெருக்கும்போது துறவியைக் கிறுக்கியிருந்தாள். தொட்டி கதவுப்பக்கம் போகும்போது தொட்டியைக் கிறுக்கியிருந்தாள். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பார்த்தாள். இன்னொரு தரம் பார்த்தாள்.

"மொசுகே, கொஞ்சம் நட."

"எங்கே?"

"எங்கேயாவது. சும்மா நட."

தொட்டி நடந்தது. இரண்டு எட்டு, ஒரு துள்ளல், நின்று ஒரு திரும்பிப் பார்வை. குடையும் அப்படித்தான் நடந்தது. துறவியும் அப்படித்தான் நடந்தார். குடையைப் பார்க்கிறவன் குடையைத்தான் பார்ப்பான், துறவியைப் பார்க்கிறவன் மொட்டைத் தலையைத்தான் பார்ப்பான். நடையை யார் பார்க்கிறார்கள்? தெங்கும் பார்க்கவில்லை. உருவத்தை எடுத்துக்கொண்டவன் நடையை விட்டுவிட்டுப் போயிருந்தான்.

"ஏன் நீ நடுவில் துள்ளுகிறாய்?" என்று கேட்டாள் கினு.

"துள்ளுகிறேனா?"

"ஏன் திரும்பிப் பார்க்கிறாய்?"

"பார்க்கிறேனா?" மொசுகேவுக்கே தெரியவில்லை.

கினு மையைக் குழைத்தாள். காதும் இல்லாமல், வாலும் இல்லாமல், முகமும் இல்லாமல் வெறும் கறுப்பு உருண்டை ஒன்றை எழுதினாள். கால் எடுக்கும் உருண்டை, கால் வைக்கும் உருண்டை, துள்ள வளையும் உருண்டை, துள்ளி எழும் உருண்டை, தரை தொடும் உருண்டை, திரும்பும் உருண்டை. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் மயிரிழை வித்தியாசம்தான். உருளை முழுக்க எழுதி விளக்கில் மாட்டிச் சுழலவிட்டாள். உருண்டைகள் ஊர்வலம் போயின. வேறொன்றும் நடக்கவில்லை.

பசித்தது. சோறு எடுக்கப் பின்கட்டுக்குப் போனாள். அங்கே மூங்கில் திரை தொங்கியது. எரிச்சலில் போகிற போக்கில் உருளையைக் கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போயிருந்தாள், அது வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. சோற்றுக் கிண்ணத்தோடு திரும்பியவள், திரையின் மூங்கில் இடுக்குகள் வழியாக விளக்கைப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

உருண்டை நடந்தது. இரண்டு எட்டு வைத்தது, துள்ளியது, நின்று திரும்பிப் பார்த்தது. ஒன்று இன்னொன்றாக மாறவில்லை. ஒரே உருண்டைதான், உயிரோடு நடந்தது.

"மொசுகே, இங்கே வந்து பார்" என்றாள்.

தொட்டி வந்து இடுக்கு வழியாகப் பார்த்தது. பிறகு, "அது நான்தான் அக்கா" என்றது.

அன்றைக்கு இருவரும் இரண்டு பங்கு சோறு சாப்பிட்டார்கள்.

ஆனால் கயா இதை எப்படிப் பார்ப்பாள்? ஊர் நாய்களுக்குப் பயந்து அவள் ஆறு தாண்டமாட்டாள். அக்கரையில் இருந்தே தெரிய வேண்டுமானால் விளக்கு பெரிதாக இருக்க வேண்டும். அப்படிப் பெரிய விளக்கு ராஜ்யத்திலேயே ஒன்றுதான். அறுவடைத் திருவிழாவுக்கு அரசர் நோரிமித்சு ஆற்றங்கரையில் நிறுத்தும் விளக்கு. ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு. அந்த வருஷம் அதற்குப் படம் எழுதுகிற வேலை கினுவுக்குத்தான் வந்திருந்தது. அதில் என்ன எழுத வேண்டும் என்றும் அரசர் சொல்லியிருந்தார். தன் முகத்தை எழுதச் சொல்லியிருந்தார்.

கினு அரண்மனைக்குப் போனாள். நடந்ததை மறைக்காமல் சொன்னாள்.

"அப்படியென்றால் என் முகத்தைவிட ஒரு தனுகி பெரிதாகிவிட்டான் உனக்கு" என்றார் அரசர்.

"பெரிதில்லை பிரபு. தங்கள் முகம் அடுத்த வருஷமும் இருக்கும். அவனுக்கு இந்த வருஷம் மட்டும்தான் இருக்கிறது."

அரசர் அவளையே பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் தன்னை எல்லோரும் பார்க்கிறார்கள் என்கிற நினைப்பிலேயே வாழ்ந்து பழகியவர்.

"சரி, எழுது. ஊர் மெச்சினால் உனக்கு நல்லது. திருவிழாவில் என் விளக்கைப் பார்த்து ஊர் கேலி செய்தால், நீ தூரிகையைக் கீழே வைத்துவிட்டு இந்த ராஜ்யத்தை விட்டுப் போய்விட வேண்டும். சம்மதமா?"

கினுவுக்குத் தன் கடை கண்ணில் வந்தது. அடுப்பும், ஒழுகாத கூரையும் கண்ணில் வந்தன. அடுப்போரம் காத்திருக்கும் மொசுகேவும் வந்தான்.

"சம்மதம் பிரபு" என்றாள்.

திருவிழா நாள் வந்தது. அன்று காலை மொசுகே ஒரு பெரிய முள்ளங்கியாக விழித்தான். "போயும் போயும் முள்ளங்கியா" என்று வருத்தப்பட்டான். கினு அவனை ஒரு துணியில் சுற்றி மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனாள். கப்பா முன்னதாகவே அக்கரைக்குச் சேதி கொண்டுபோயிருந்தான். சாயங்கால வெளிச்சத்தில், எதிர்க்கரை நாணலுக்குள் நான்கு சின்ன உருவங்கள் வந்து உட்காருவது தெரிந்தது. ஒன்று பெரிது, மூன்று சிறிது. முள்ளங்கி துணிக்குள்ளிருந்து எம்பிப் பார்த்தது.

வானம் சாம்பல் நிறமாகத் தாழ்ந்திருந்தது. காற்றில் பனி வாசனை வந்தது.

தீபம் ஏற்றினார்கள். ஆழமான மண்பானைகளுக்குள் எண்ணெய் ஊற்றி, திரி போட்டு ஏற்றினார்கள். விளக்கைச் சுற்றிலும் உயரமான மூங்கில் திரை. ஊரே கழுத்தை நீட்டியது.

உருளை அசைந்தது. அசைந்து, மாட்டு வண்டி மேடேறுவது போலத் தயங்கித் தயங்கி நகர்ந்தது. சின்ன விளக்குக்குப் போதுமான சூடு இந்தப் பெரிய உருளைக்குப் போதவில்லை. கறுப்பு உருண்டை ஒன்று வந்தது. போனது. இன்னொன்று வந்தது.

"என்ன இது, கத்தரிக்காயா?" என்று யாரோ கேட்டார்கள்.

"கத்தரிக்காய்தான். ராஜா வீட்டுக் கத்தரிக்காய்."

சிரிப்பு கரை நெடுகப் பரவியது. அரசர் முகம் இறுகியது. கினு பானைக்குப் பானை ஓடித் திரியைத் தூண்டினாள், எண்ணெய் ஊற்றினாள். உருளை வேகம் எடுக்கவில்லை. அக்கரையில் கயா எழுந்து நின்றாள். குட்டிகளைக் கூட்டிக்கொண்டு திரும்பப் போகிறவள் போல நின்றாள்.

அப்போது ஆற்றோரப் பைன் மரத்தின் உச்சியில் யாரோ உறுமினார்கள். தெங்கு. முதல் பனி விழுந்து மொசுகே காலத்துக்கும் முள்ளங்கியாகப் போவதைக் கண்ணால் பார்க்க வந்திருந்தான். விளக்கைப் பார்த்ததும் அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. 'இந்தப் பெண் என்னவோ செய்கிறாள்' என்று விசிறியை எடுத்தான்.

ஒரு வீசு வீசினான். தொப்பிகள் பறந்தன. மிட்டாய்க் கடைப் பந்தல் சாய்ந்தது. விளக்கு அணையவில்லை, தீபம் பானை ஆழத்தில் இருந்தது.

இரண்டாவது வீசு வீசினான். மூங்கில் திரை படபடத்துக் கிளம்பப் பார்த்தது. "திரையை விடாதீர்கள், பிடித்துக்கொள்ளுங்கள்" என்று கினு கத்தினாள். சிரித்தவர்கள்தான் ஓடி வந்து பிடித்தார்கள். அரசரும் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார்.

மூன்றாவது வீசு வீசினான். பலம் எல்லாம் சேர்த்து வீசினான். அந்தக் காற்று விளக்கின் தலையில் இருந்த சக்கரத்தில் போய் மோதியது. சக்கரம் சுழன்றது. உருளை சுழன்றது. கிறுகிறுவென்று சுழன்றது.

மூங்கில் இடுக்குகளுக்குப் பின்னால், ஆள் உயரத்துக்கு ஒரு கறுப்பு உருண்டை நடந்தது. இரண்டு எட்டு வைத்தது, ஒரு துள்ளல் துள்ளியது, நின்று திரும்பிப் பார்த்தது. மறுபடி இரண்டு எட்டு, ஒரு துள்ளல், ஒரு திரும்பிப் பார்வை.

கரையில் ஒரு சத்தம் இல்லை. கைக்குழந்தைகள்கூட வாயைத் திறந்தபடி பார்த்தன.

அக்கரையில் இருந்த மூன்று குட்டிகளில் கடைசிக் குட்டிதான் முதலில் பேசியது. ஆற்றுக்கு மேலே அந்தக் குரல் தெளிவாகக் கேட்டது.

"அம்மா, அப்பா என்னைத் தூக்கி விடுகிறார், பாரேன்."

"என்னடா சொல்கிறாய்?"

"முதுகில் உட்கார்ந்து போகும்போது நான் சறுக்குவேனே. அப்போது அப்பா ஒரு துள்ளுத் துள்ளி என்னை மேலே ஏற்றிவிடுவார். அதுதான் அம்மா அது."

"ஆமாம்" என்றது மூத்த குட்டி. "நாங்கள் இரண்டு பேரும் பின்னால் வருகிறோமா என்று நின்று பார்ப்பார். அதோ, பார்க்கிறார்."

கயா பார்த்தாள். தனியாக நடக்கும்போதுகூட, முதுகில் இல்லாத பிள்ளையை ஏற்றிவிட்டு, பின்னால் வராத பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்து நடக்கிற ஒருவனைப் பார்த்தாள். வானத்திலிருந்து முதல் வெண்பனித் துகள் பிரிந்து கீழே இறங்கத் தொடங்கியது. கினுவின் கையில் இருந்த முள்ளங்கியை நோக்கி, ஆடி ஆடி இறங்கியது. கினு குனிந்து முதுகால் மறைத்தாள்.

"மொசுகே" என்று கூப்பிட்டாள் கயா.

கினுவின் கைகளுக்குள் முள்ளங்கி சூடானது. மயிர் முளைத்தது. நான்கு கால் முளைத்தது. பனி அவள் முதுகில் விழுந்து, அங்கிருந்து சறுக்கி, ஒரு சின்ன ஈர மூக்கின் மேல் வந்து நின்றது. அந்த மூக்கு ஒரு தும்மல் போட்டது.

மொசுகே கீழே குதித்தான். ஆற்றோரம் ஓடித் தண்ணீரில் தன்னைப் பார்த்தான். கொஞ்சம் தொப்பை. குட்டைக் கால். ஒரு காது லேசாக மடங்கியிருந்தது.

"இவ்வளவுதானா?" என்றான்.

அக்கரையிலிருந்து கயா சொன்னாள்: "இவ்வளவேதான். சீக்கிரம் வாருங்கள், பிள்ளைகள் இன்னும் சாப்பிடவில்லை."

கப்பா முதுகைக் காட்டினான். மொசுகே ஏறிக்கொண்டு போனான். அக்கரையில் நாணல் ஆடியது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து கேட்டன. இந்தக் கரையில் ஊர் கை தட்டத் தொடங்கியது. தட்டி ஓயவில்லை.

அரசர் இன்னும் திரையைப் பிடித்தபடியே நின்றார். விட மறந்துவிட்டார். "கினு" என்றார் மெதுவாக, "இன்னொரு தடவை பார்க்கலாமா?"

உருளை நின்றுபோயிருந்தது. கினு பைன் மரத்தை நிமிர்ந்து பார்த்தாள். தெங்கு அங்கேயே உட்கார்ந்திருந்தான். தன் விசிறியையே முறைத்துக்கொண்டிருந்தான். தன் காற்றால்தான் தன் சாபம் போயிற்று என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது. பறந்துபோயிருக்கலாம். ஆனால் அவனும் அந்த நடையைப் பார்த்திருந்தான். அவனுக்கும் இன்னொரு தடவை பார்க்க வேண்டும் போல இருந்தது. கேட்கத்தான் கூச்சம்.

கினு கைகூப்பினாள். "ஐயா, இப்படிச் சீராக வீசத் தெரிந்தவர் இந்த மலையில் வேறு யாரும் இல்லை. இன்னும் ஒரு வீசு வீசித் தருவீர்களா?"

அவனிடம் அதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை. பயந்து ஓடியிருக்கிறார்கள், கேலி செய்திருக்கிறார்கள். உதவி கேட்டதில்லை. தெங்கு தொண்டையைச் செருமிக்கொண்டான். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, போனால் போகிறது என்பது போல விசிறியை அசைத்தான். விளக்கு சுழன்றது. ஊர் மறுபடி பார்த்தது. மூன்றாவது தடவை யாரும் கேட்கவில்லை, அவனாகவே வீசினான்.

அரசர் தன் சொல்லைக் காப்பாற்றினார். ஆற்றங்கரையில் ஒரு பெரிய கூடத்தைக் கட்டிக் கினுவுக்குக் கொடுத்தார். அவள் அங்கே விளக்கு விளக்காக எழுதினாள். குளிர்காலம் முழுக்கக் காட்டிலிருந்து ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். கப்பா நீந்திக் காட்டினான், கூலி வெள்ளரிக்காய். நரிகள் வாலை மறைக்காமல் நடந்து காட்டின. கயாவும் குட்டிகளும் உருண்டு புரண்டு காட்டினார்கள். ஊர் நாய்களை அரசர் கட்டிப்போடச் சொல்லியிருந்தார். கினு தன் கொக்கையும் மறுபடி எழுதினாள். வயலோரம் உட்கார்ந்து, கொக்கு சிறகை எப்படி மடக்குகிறது, காலை எப்போது இழுத்துக்கொள்கிறது என்று நாள் நாளாகப் பார்த்து எழுதினாள். ஒரு காலையில் அது விளக்கிலிருந்து எழும்பிச் சுவரெல்லாம் பறந்தது. அவள் கைகொட்டிச் சிரித்தாள். பிறகு சாப்பிடப் போனாள்.

அடுத்த வருஷத் திருவிழாவுக்கு அரசரின் முகத்தை எழுதட்டுமா என்று கேட்டபோது அவர் வேண்டாம் என்றார். தன் கிழட்டுக் குதிரை தண்ணீர் குடிப்பதை எழுதச் சொன்னார். அது அவருக்கு அவ்வளவு பிரியம் என்று அதுவரை யாருக்கும் தெரியாது.

தெங்கும் வந்தான். ஒவ்வொரு வருஷமும் வந்தான். அழைத்ததால் வந்ததாகக் காட்டிக்கொள்ளமாட்டான், அந்தப் பக்கம் ஏதோ வேலையாகப் போகிறவன் போலப் பைன் மரத்தில் வந்து உட்காருவான். விளக்கு ஏற்றியதும் காற்று வரும். ஹிசானோவில் பெரியவர்களும் பிள்ளைகளும் அந்த மரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் படம் பார்க்க உட்காருவார்கள். அவர்கள் அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கட்டும், நாம் எழுந்து போய் நம் விளக்கை ஏற்றுவோம்.